ஏர்பேக் ஃபியூஸில் குத்திய வயர்

என் மாமாவின் இடது கண் போனதற்கு நான்தான் காரணம்.

இல்லை... காரணமாக இருக்கலாம். பார்த்தீர்களா, இரண்டாம் வரியிலேயே நழுவப் பார்க்கிறேன்! இத்தனை நாளும் இப்படித்தான் நழுவிக்கொண்டிருந்தேன். உங்களிடமாவது நழுவாமல் சொல்லிவிடுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கார் எலக்ட்ரீஷியன். வீட்டின் முன்பக்கமே கடை. மாமா என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. சிதம்பரத்தில் தையற்கடை வைத்திருக்கிறார். அவர் தைத்த சட்டையில் ஒரு தையல்கூடக் கோணலாக இருக்காது. பள்ளிச் சீருடை ஆர்டர்கள் நன்றாக வந்த வருடம் புதுக் கார் வாங்கினார். அக்காவையும் ஏற்றிக்கொண்டு ஷோரூமிலிருந்து நேராக என் கடைக்கு ஓட்டி வந்தார்.

"மச்சான், எவ்ளோ பெரிய ஷோரூமா இருந்தா என்னா? எம் வண்டில மொதல்ல ஒங் கைதான் படணும். ஒன்னுது ராசியான கை!"

கேட்டது ஒரு டேஷ்கேமரா, முன்கண்ணாடியில் ஒட்டி வைத்தால் ரோட்டைப் படம் பிடித்துக்கொண்டே வரும். வயர் வெளியே தொங்கக் கூடாது. ஃபியூஸ் பெட்டியிலிருந்தே கரண்ட் எடுக்க வேண்டும். சாவி போட்டால் கேமரா ஓட வேண்டும், எடுத்தால் நிற்க வேண்டும். பெரிய வேலையில்லை. சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் ஒரு ஃபியூஸைக் கழற்றி, அந்த இடத்தில் இரண்டு ஃபியூஸ் ஏற்கும் சொருகியைக் குத்தி, கேமரா வயரை அதில் கொடுத்தால் முடிந்தது. ஆனால் இந்தத் தொழிலில் ஒரு கட்டளை உண்டு. எந்த ஃபியூஸைத் தொட்டாலும் ஏர்பேக் ஃபியூஸைத் தொடாதே! தொட்டால், வண்டி மோதும்போது அந்தக் காற்றுப்பை விரியாமல் போகலாம்.

நான் அதைத்தான் தொட்டேன்.

தெரியாமல் செய்தேனா? முதலில் தெரியாமல்தான்... மற்ற இடங்களில் சொருகி இறங்கவில்லை, பக்கத்து பிளாஸ்டிக்கில் இடித்தது. ஓரிடத்தில் மட்டும் சுகமாக உட்கார்ந்தது. டெஸ்ட் லேம்ப் வைத்தேன். சாவி போட்டால் எரிந்தது, எடுத்தால் அணைந்தது. ஃபியூஸ் பெட்டி மூடியை மாட்டும்போதுதான் அதன் உட்புறம் அந்த ஃபியூஸுக்கு நேராக இருந்த படத்தைப் பார்த்தேன். உட்கார்ந்திருக்கும் மனிதன், அவன் நெஞ்சுக்கு எதிரே ஓர் உருண்டை... ஏர்பேக்!

கழற்றி வேறிடம் தேடியிருக்கலாம். அதற்குள் அம்மா கற்பூரம் ஏற்றிவிட்டாள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. ராகுகாலம் பிறப்பதற்குள் வண்டி கிளம்பியாக வேண்டும் என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். நானும் மூடியை அழுத்தி மூடிவிட்டு எழுந்தேன்.

மாமாவும் அக்காவும் ஏறி உட்கார்ந்தார்கள். பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தது. ஜன்னல் வழியாக டேஷ்போர்டில் ஏர்பேக்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிவது தெரிந்தது. "மாமா" என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"கெளம்புற வண்டியப் பின்னாலேந்து கூப்புடுவியா? அறிவிருக்கா ஒனக்கு?"

வாயை மூடிக்கொண்டேன். புறப்பட்டவர்களைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற காரியம் கெடும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்றுதான் பேசாமல் நின்றேன்! அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அந்த விளக்கைப் பற்றி என்ன தெரியும்? செல்போன் என் சட்டைப்பையில்தானே இருந்தது? அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் நான் ஏன் கூப்பிடவில்லை?

அக்காவே கூப்பிட்டாள்.

"தம்பி, ஒரு செவப்பு லைட்டு எரிஞ்சிக்கினே இருக்குடா. ஷோரூம்ல காட்டலாமான்றாரு ஒங்க மாமா."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. புது வண்டில சென்சார் செட் ஆவுற வரைக்கும் அப்பிடித்தான் எரியும். அடுத்த தபா வரும்போது நான் பாத்துக்கறேன்."

இதுதான் என் குற்றம். ஃபியூஸ்கூட அல்ல... இந்தப் பதில்! ஷோரூமில் மூடியைத் திறந்தால் என் வேலையைப் பார்த்துச் சிரிப்பார்கள். ராசியான கை என்று ஊரெல்லாம் சொல்லித் திரியும் மாமா முன்னால் என் மானம் போய்விடும். அவ்வளவுதான், வேறு ஒரு காரணமும் இல்லை.

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. மாமா தனியாகக் கடலூருக்கு வந்துகொண்டிருந்தபோது, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், சவுக்குக் கட்டை ஏற்றிய மினிலாரி ஒன்று பஸ்ஸை முந்திக்கொண்டு எதிரே வந்து மோதியது. சீட்பெல்ட் உயிரைப் பிடித்து வைத்தது. ஏர்பேக் விரியவில்லை. மாமாவின் முகம் ஸ்டியரிங்கில் இடித்தது.

பரங்கிப்பேட்டைப் பக்கமிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த மீன்காரப் பெண்கள், கூடைகளை ரோட்டோரம் இறக்கிவிட்டு, மாமாவை ஏற்றி, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர்கள் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. இன்றும் மீன் கூடை சுமந்து போகும் எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் மனத்துக்குள் கும்பிடுகிறேன்.

எனக்குப் போன் வந்ததும் நான் எங்கே ஓடியிருக்க வேண்டும்? ஆஸ்பத்திரிக்கு! நான் ஓடியது வண்டியிடம்.

நசுங்கிக் கிடந்த காருக்குள் தலையை விட்டு, என் சொருகியைப் பிடுங்கி, பழைய ஃபியூஸை அதன் இடத்தில் குத்தினேன். பின்னால் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார்.

"என்னாய்யா பண்ற அங்க?"

திரும்பியபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமரா கண்ணில் பட்டது.

"கேமரால கார்டு இருக்கு சார். அத எடுக்கத்தான் வந்தேன்."

அதுவரை கார்டின் நினைப்பே எனக்கு இல்லை. சத்தியமாக இல்லை! ஆனால் அந்தப் பொய்தான் மாமாவைக் காப்பாற்றியது. மினிலாரிக்காரன் பழியை மாமா மேல் போட்டு, சாட்சிக்கு ஆளும் பிடித்து வைத்திருந்தான். கார்டில் எல்லாம் பளிச்சென்று இருந்தது. மாமா மேல் வழக்கில்லை.

கண்தான் வரவில்லை. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஏர்பேக் விரிந்திருந்தால் பிழைத்திருக்குமா? விரிந்தும் போயிருக்குமா? யாரைக் கேட்பது? எப்படிக் கேட்பது?

கல்யாணமோ காதுகுத்தோ, மாமா நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்வார். "அடிபட்டுக் கெடந்தப்ப எல்லாரும் என்னப் பாக்க ஓடியாந்தாங்க. எம் மச்சான் ஒருத்தன்தான் புத்தியா வண்டிக்கு ஓடுனான்! இவன் மட்டும் இல்லன்னா நான் ஜெயில்லதான்."

எல்லோரும் என் முதுகில் தட்டுவார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான பையன் என்பார்கள்...

நன்றி எனக்கும் இருக்கிறது, நம்புங்கள். மாமா உயிரோடு இருக்கிறார். அக்காவின் நெற்றியில் குங்குமம் இருக்கிறது. அந்தப் பெண்களுக்கும் அந்தச் சின்னக் கேமராவுக்கும் நான் நன்றி சொல்லாத நாளில்லை. மாமாவின் அன்புக்குத்தான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அது என்னுடையதே அல்ல என்று தெரிந்தும் வாங்கி வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

ஒருநாள் சொல்லியே விடுவதென்று சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். மாமா கடையில் தனியாக இருந்தார்.

"வாடா மச்சான்! ஒனக்குத்தான் தச்சிக்கினு இருக்கேன். ஆபரேசனுக்கு அப்பறம் நானே முழுசாத் தைக்கற மொத சட்ட. பொத்தான் மட்டுந்தான் பாக்கி."

"மாமா, ஒரு விஷயம் சொல்லணும்..."

"சொல்லு. அதுக்கு முன்னாடி இந்த ஊசில நூலக் கோத்துக் குடு. ஒத்தக் கண்ணுக்கு ஓட்ட எங்க இருக்குன்னே தெரியமாட்டேங்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் நூலை நனைத்துக் கோத்துக் கொடுத்தேன். ஒரே தடவையில் நுழைந்துவிட்டது.

"பாத்தியா, ராசியான கைன்னு சும்மாவா சொன்னேன்? ஆமா, என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்ல மாமா."

அக்காவிடம் போனில் சொன்ன அதே வார்த்தை!

அந்தச் சட்டையைத்தான் இப்போது போட்டிருக்கிறேன். இடது பக்கத்துப் பை கோணலாக இருக்கிறது. யாராவது அதைச் சொல்லிச் சிரித்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. தைத்தவர் மேல் தப்பில்லை என்று மட்டும் சொல்கிறேன். அதற்கு மேல் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.