கராம்பு மணத்தோடு மாவடிப்பள்ளிக்கு

காலை ஆறு மணிக்கு வரிப்பத்தான்சேனையிலிருந்து உழவு இயந்திரம் புறப்பட்டது. பின்னால் இழுபடும் பெட்டியில் ஒரு பீப்பாய்த் தண்ணீர், அதற்குள் எட்டுத் தாய்க் கெண்டைகள், பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும். மாவடிப்பள்ளியில் வயலோரம் நான் வெட்டுவித்த குளத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் போக வேண்டும். வாடகை ஐம்பது ரூபாய். எண்பதுகளின் தொடக்கம் அது. அந்தப் பாதையில் குழி இல்லாத இடத்தைத்தான் தேட வேண்டும்.

போன முறை கொண்டுபோன மீன்கள் வழிநெடுக முட்டி மோதிச் செதிள் உதிர்ந்து, குளத்தில் விட்ட சில நாட்களில் எல்லாமே செத்தன. "இந்தமுற ஒண்டு செத்தாலும் குளத்த மூடி நெல்லு விதைக்கிறதான்" என்று வீட்டுக்காரர் ஏறும்போதே சொல்லிவிட்டார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எனக்கு வீம்பு சற்றுக் கூட.

இம்முறை என்னிடம் கராம்பு எண்ணெய் இருந்தது. பல்வலிக்குப் பஞ்சில் வைப்போமே, அதேதான். மீன் வளர்ப்பு நிலையமொன்றில் வேலை செய்தவர் சொல்லித் தந்த வழி. தண்ணீரில் சில துளி கலந்தால் மீன் அதைச் செவுள் வழியாக இழுக்கும். அது இரத்தத்தோடு மூளைக்கு ஏறும். மீன் முட்டி மோதாமல் மயங்கிக் கிடக்கும். ஆனால் எண்ணெய் தண்ணீரோடு சேராதே! சாராயத்தில் கரைக்கச் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் சாராயப் போத்தலா? அல்லாஹ்வே! சுடுதண்ணீரில் விட்டுக் கை கடுக்கக் குலுக்கி ஊற்றினேன்.

சம்மாந்துறையைத் தாண்டியதும் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தேன். எண்ணெய் பிரிந்து மேலே படலமாக மிதந்தது. மேலே வந்து வாய் வைத்த இரண்டு மீன்கள் வயிறு தெரியப் புரண்டு கிடந்தன. செவுள் அசையவில்லை. உழவு இயந்திரம் ஓட்டிய தம்பியைக் கூவி அழைத்தேன்.

"தம்பி, வாய்க்காலடியில நிப்பாட்டுங்க!"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு மீனோடு இறங்கினேன். வாயைத் திறந்து ஓடும் தண்ணீருக்கு நேரே பிடித்தேன். செவுளால் ஏறிய எண்ணெய் செவுளால்தான் இறங்க வேண்டும். நல்ல தண்ணீர் அதற்குள் ஓடினால் போதும்.

"மற்றதப் புடிங்க!" என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன்.

"அது மவுத்தாப் பெய்த்து புள்ள, உடு" என்று அவர் அதைக் கரையிலேயே போட்டார்.

சைக்கிளில் போன, அண்ணன் வயதுக் காக்கா ஒருவர் காலூன்றி நின்றார். "மீனுக்கு மயக்க மருந்தா? ஹறாமில்லையா?"

"காக்கா, ஒங்கட ஊட்டுப் புரியாணிக்குக் கராம்பு போடுறல்லியோ?"

அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். உழவு இயந்திரக்காரத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். அதற்குள் என் கையிலிருந்த மீன் ஒருமுறை செவுளை விரித்தது. பிறகு இன்னொருமுறை. வாலால் என் முகத்தில் தண்ணீரை அடித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கரையில் கிடந்ததையும் எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். பிந்திவிட்டது. பீப்பாயில் மிதந்த எண்ணெயை அள்ளிக் கொட்டிவிட்டுப் புறப்பட்டோம்.

பத்து மணிக்கு ஏழு மீன்களைக் குளத்தில் விட்டோம். செத்ததை வீட்டுக்காரர் தூக்கிக் காட்டினார். "இத ஆக்கலாமே?"

"வாணாம். உசிருள்ள மீன்தான் எண்ணெய வெளியாக்கும். இதுக்குள்ள போனது சதைக்குள்ளயே கெடக்கும்."

வரம்போரம் புதைத்தார். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "அப்ப, குளத்த மூடுற எப்ப?" என்றார்.

எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் காணியும் பெண்ணுடையவை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்பவளை வாயாடி என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து நானும் சொன்னதில்லை. அன்று சொன்னேன்.

"இந்தக் காணி எண்ட வாப்பா எனக்குத் தந்த சீதனம். மூடுறதெண்டா நான்தான் மூடணும். நான் மூட மாட்டன்."

அவர் குனிந்து மண்வெட்டியைக் குளத்தண்ணீரில் கழுவினார். "செரி, மீனுக்குத் தவிடு வாங்க ஆரு போற?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றேன்.