அம்மாவின் அசேலியாவும் மாமியின் பந்தயமும்

எங்கள் அம்மா நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, நடை பழகும் வயதிலேயே பெற்றோருடன் மன்னார்ப் பக்கத்து நானாட்டானுக்கு வந்து சேர்ந்தவர். வளர்ந்தபின் தோட்டவெளிக் கிராமத்தில் மீன் வாங்கி விற்கும் வாடி வைத்திருந்த அப்பாவைக் கைப்பிடித்தார். மலைநாட்டைப் பற்றி அவருக்கு ஒரு ஞாபகமும் இருக்கவில்லை. ஆனாலும் கோவில் பங்கு மக்களோடு நுவரெலியாவுக்குச் சுற்றுலா போனபோது, "இது எங்கட ஊர்ப் பூவெல்லோ" என்று சொந்தம் கொண்டாடி, ஓர் அசேலியாக் கன்றை மடியில் வைத்தபடியே மன்னார் வரை வந்தார்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் அப்பாவின் தங்கை, எங்கள் மாமி. "மச்சாள், உது குளிர் ஊர்ச் சாமான். எங்கட மணலில பூக்காது. பூத்தால் நான் தோத்திட்டனெண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்" என்றார். மாமியின் வாய் அப்படி. அம்மாவின் பிடிவாதம் அதற்கும் ஒரு படி மேல்.

வாடியில் ஐஸ் போட்டு மீன் வைக்கும் ரெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்று செடிக்கு வீடானது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால், பிடித்துவைத்த மழைநீரெல்லாம் அதற்கே போனது. நாங்கள் உவர்நீரில் குளித்து, தேங்காய்த் தும்பு போன்ற தலையோடு பள்ளிக்கூடம் போனோம். தேயிலைச் சக்கை அசேலியாவுக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட, மீட்டர் பார்க்க வந்தவர்கூடத் தேநீர் குடிக்காமல் எங்கள் படலையைத் தாண்டியதில்லை. அம்மாவின் அடக்கத் திருப்பலியில் அவரது விருந்தோம்பலைப் புகழ்ந்த பங்குச் சுவாமி மன்னிக்க வேண்டும். அவருக்கு ஊற்றிய இரண்டாம் கோப்பை செடிக்காகத்தான்.

ஒரு கடும் கோடையில், குளிர் ஊர்ச் செடிக்குக் குளிர் வேண்டாமா என்று, வாடியில் மீன் வைத்தெடுத்த ஐஸை அள்ளி அதன் அடியில் குவித்துவிட்டார். ஐஸ் உருக, மீனின் உப்பும் சேர்ந்து இறங்கியது. இலைகள் கருகின. ஊர்ப் பூனைகள் மட்டும் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தன. அம்மா சாப்பிடாமல் இருந்து அழுதார்.

"நான் காய்ச்சலில கிடக்கேக்கயும் நீர் இப்பிடி அழேல்லையே" என்றார் அப்பா.

அம்மா மண்ணை மாற்றினார், மழைநீர் விட்டார், செபமாலையும் சொன்னார். செடி மெல்லத் தளிர்த்தது. பூக்கத்தான் மனம் வரவில்லை.

நோய் அம்மாவைப் படுக்கையில் விழுத்தியபோதும், "செடிக்கு ஆர் தண்ணி விடுறது?" என்பதே அவரது கவலை. மாமிதான் தன் வீட்டு மழைநீரை வாளியில் கொண்டுவந்து ஊற்றினார். ஏனென்று கேட்டோம். "போட்டியெண்டால் நேர்மையா நடக்கவேணும், பிள்ளையள்" என்றார்.

மார்கழி மழை ஓய்ந்த ஒரு காலையில் ரோசா நிறத்தில் ஒரு பூ விரிந்திருந்தது. மாமி பெட்டியோடு தூக்கிவந்து கட்டிலருகே வைத்தார்.

"மச்சாள், பூத்திட்டுது. நான் தோத்திட்டன்."

அம்மா தலையைத் திருப்பிச் செடியை மேலும் கீழும் பார்த்தார். "அவசரப்படாதேங்கோ மச்சாள். இன்னும் மொட்டுக் கிடக்கு. எல்லாம் விரியட்டும், பிறகு சொல்லுங்கோ."

அடுத்த வாரம் அம்மா ஆண்டவரில் இளைப்பாறினார்.

அம்மாவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், இறுதிவரை உடன் நின்ற உறவுகளுக்கும் அயலவருக்கும், வேண்டாம் வேண்டாம் என்றபடியே எங்கள் வீட்டில் தேநீர் குடித்த அனைவருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். மாமிக்கு நன்றி சொன்னால் ஏசுவார், ஆனாலும் சொல்கிறோம். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சேமக்காலைக்குப் போனபோது, அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கல்லறைக்கு முன்னால் வந்து நின்றார்.

"மச்சாள், கடைசி மொட்டும் விரிஞ்சிட்டுது. நான் தோத்திட்டன்" என்று அத்தனை பேருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, மண்ணில் குந்தியிருந்து அழுதார்.