அப்பாவின் கடைசிக்காலம் பெட்டியில் இருந்தது

பழைய பட்டுப்புடவை வாங்கி, எரித்து, ஜரிகையிலிருந்து வெள்ளி எடுத்து விற்பது எங்கள் தொழில். இதில் முதலில் போவது தொண்டை, அடுத்தது முழங்கால். என்னைப்போலவே தெருத்தெருவாகக் கூவி நடந்து பிழைத்த உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் காஞ்சிபுரத்தில் அப்பாவும் நானும் சேர்ந்தே சுற்றினோம். நம்மைப் போன்றவர்களுக்கு எவன் பென்ஷன் தருகிறான்? "நம்ம கடைசிக்காலத்துக்கு நாமதான்பா வச்சுக்கணும்" என்பார் அப்பா. அவர் வைத்திருந்தது அம்மாவின் கூரைப்புடவை. கல்யாணத்துக்குப் பெரியப்பா எடுத்துக் கொடுத்தது. இரண்டு பக்கமும் சாண் அகலத்துக்கு ஜரிகைக்கரை. கால் ஓய்ந்ததும் அதை உருக்கி விற்று உட்கார்ந்து சாப்பிடுவதாகத் திட்டம்.

விற்காதே என்ற வியாபாரி

சின்ன காஞ்சிபுரத்தில் அடைமழை. தறிக்குழியில் தண்ணீர் ஏறி வேலை நின்றுபோன வீடு. அந்த வீட்டம்மா தன் ஒரே பட்டுப்புடவையை நீட்டினாள். அப்பாவுக்கு வந்ததே கோபம்! "இதையும் வித்துட்டு வயசான காலத்துல என்னம்மா பண்ணுவே? உள்ளே கொண்டுபோய் வை" என்று அதட்டினார். வாங்க வந்தவனே விற்காதே என்றால் அந்தத் தொழில் உருப்படுமா? எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. அவள் புடவையை அவர் கையில் திணித்தாள்.

"இன்னைக்கு சோறு தின்னாத்தானே அண்ணே வயசாவும்?"

ஒரு கரை மட்டும்

திருப்புட்குழியில் ஓர் அம்மா. பிள்ளைகள் மூன்று பேரும் தனித்தனியே போய்விட்டார்கள். புடவையை நெல்லுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். பட்டை எலி குதறியிருந்தது. "பட்டு போனா போவட்டும், ஜரிகை பத்திரமா இருக்குது" என்று அப்பா ஆறுதல் சொல்லி, முழுசுக்கும் நல்ல விலை பேசினார். அவள் ஒரு பக்கத்துக் கரையைக் கிழித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டோம்.

"பெட்டியிலே ஏதாவது இருக்குதுன்னாத்தான்பா புள்ளைங்க என்னைப் பாக்க வரும்."

அம்மா போன அன்று

எங்கள் பக்கத்தில் சுமங்கலியாகப் போனவளைக் கூரைப்புடவை போர்த்தித்தான் அனுப்புவார்கள். அப்பா பெட்டிச் சாவியைத் தரவே இல்லை. ஒரு புது நூல்புடவை வாங்கிவரச் சொன்னார். பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. அவருடைய அக்கா, என் அத்தை, வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"கட்டினவளுக்கே குடுக்காம அதை யாருக்குடா வச்சிருக்கே?"

சிவப்புக் கோடு

கொஞ்ச காலத்தில் அப்பாவுக்கு முழங்கால் மடக்க வரவில்லை. "போதும்பா, இனிமே நீயே சுத்து" என்று பெட்டியைத் திறந்தார். எங்கள் வழக்கப்படி ஜரிகையை லேசாகச் சுரண்டி, உரைகல்லில் உரைத்தேன். வெள்ளியானால் வெள்ளைக் கோடு விழும், செம்பானால் சிவப்பு.

சிவப்பு விழுந்தது. அடுத்த கரையை உரைத்தேன். அதுவும் சிவப்பு. ஊரார் புடவையையெல்லாம் உரைத்துப் பார்த்த மனுஷர், கூடப்பிறந்த அண்ணன் கொடுத்ததை உரைத்தால் தப்பாக நினைப்பார்கள் என்று இதை மட்டும் தொட்டதே இல்லை. பெரியப்பாவைக் கேட்கலாமென்றால் அவர் போய்ச் சேர்ந்தே வெகுநாளாகிறது. நான் கல்லைத் துடைக்கப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா செத்தபோதுகூட அவர் அப்படி அழவில்லை.

"இந்தச் செம்புக்காகவா அவளை நூல்புடவையிலே அனுப்பினேன்?"

சேமிப்பைப் பற்றி அப்பாவிடம் நான் கற்றது இவ்வளவுதான்: அண்ணனே கொடுத்தாலும் பெட்டியில் வைக்கும் முன் உரைத்துப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் அவரைப்போல மறுநாள் காலையில் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு "பழைய பட்டு!" என்று மறுபடி கத்தக் கிளம்பவேண்டியதுதான்.