ஜும்ரேதா வீட்டில் தேநீர்

எங்கள் ஊரான மக்லாயில் தேநீர் குடிப்பவர்கள் இரண்டே வகை: காய்ச்சல்காரர்கள், வெளிநாட்டுக்காரர்கள். இரண்டு வகையினரிடமும் நாங்கள் ஒரே குரலில்தான் பேசுவோம். மெதுவாக, கொஞ்சம் உரக்க, பாவம் என்கிற முகத்தோடு. கடையில் தேநீர்ப் பொட்டலத்தை எடுத்து வைத்தால், பையில் போடுவதற்கு முன்பே கடைக்காரர் கேட்டுவிடுவார்: "வீட்டுல யாருக்கு முடியலை?"

ஜும்ரேதா எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கம்பி வேலி, அதில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கிழிசல். அதை அடைக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் வருஷாவருஷம் பேசிக்கொள்வோம். அடைத்தால் காலைக் காபிக்கு நான் தெருவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கும் என்பதால் பேச்சோடு நின்றுவிடும்.

சட்டைத் தொழிற்சாலை மூடப்படும்வரை அங்கே காலர் தைத்தவள் அவள். சோம்பேறிகளைக் கண்டால் ஆகாது. ஆனால் காலையில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்து காபி குடிப்பதை அவள் சோம்பலில் சேர்த்ததில்லை. மருத்துவர்கள் சொல்வதில் ஒரு வார்த்தையையும் நம்பமாட்டாள், மருத்துவரிடம் போகாதவர்களை விடாமல் திட்டுவாள். காபிக்கொட்டையைத் தானே வறுப்பாள், பித்தளை அரைவையில் தானே அரைப்பாள். நீண்ட கைப்பிடியுள்ள செம்புப் பாத்திரத்தில் நுரை ஏறி இறங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவாள். அந்த வீட்டில் மௌனம் என்பது அவ்வளவுதான்.

அவளுடைய கல்யாணமே ஒரு காபியால் நடந்தது. கணவர் ரெம்ஸியா அப்போது தோபோய் ஊருக்குப் போகும் பேருந்தின் ஓட்டுநர். ஏதோ ஒரு பார்சலைக் கொடுக்க அவளுடைய அப்பா வீட்டுக்குள் வந்தவர், பேருந்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு உட்கார்ந்து காபி குடித்தார். வெளியே பயணிகள் ஹாரனை அடித்தார்கள். இவர் இரண்டாவது கிண்ணத்தையும் வாங்கி, சர்க்கரைக் கட்டியின் மூலையை நனைத்துக் கடித்து, நிதானமாக முடித்துக்கொண்டுதான் எழுந்தார். "எதுக்கும் பதறாத பையன், இவனுக்கே கொடுத்துடலாம்" என்றார் அப்பா. "எதுக்கும் பதறாதவன், இவனுக்கு வேண்டாம்" என்றாள் அம்மா. இருவர் சொன்னதும் சரிதான் என்று ஜும்ரேதா இன்றைக்கும் சொல்வாள்.

போன அக்டோபரில் ஒரு காலை, ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி ஜன்னலை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. நான் வழக்கமான நாற்காலியில் இருந்தேன். ஜும்ரேதா அடுப்பில் தண்ணீரை வைத்திருந்தாள். ரெம்ஸியா உள்ளே வந்து உட்கார்ந்து, தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"எனக்குக் காபி வேண்டாம் ஜும்ரா. டீ இருந்தா போடு."

அவள் திரும்பவில்லை. "என்ன பண்ணுது உனக்கு?"

"ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணாத ஆளுக்கு எதுக்குய்யா டீ?"

"ஆசையா இருக்கு."

"டீ மேல ஆசை. கேட்டீங்களா டீச்சர்? கட்டிக்கிட்ட நாள்லேருந்து என்னைப் பார்த்து இவன் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை."

நாங்கள் மூவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "இந்த வீட்டுல டீ கிடையாது" என்றாள்.

இருந்தது. அலமாரியின் மேல்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால், பாதி தீர்ந்த சாமந்திப்பூத் தேநீர்ப் பொட்டலம். அது ரெம்ஸியாவின் தம்பி ஷெஃபிக்குக்காக வாங்கியது. அவனும் ஒரு வசந்த காலத்துக் காலையில் இதே மேஜையில் உட்கார்ந்து, காபியில் துரு வாசனை வருகிறது, டீ போடுங்கள் அண்ணி என்று கேட்டவன். ப்ளம் பழம் பறிக்கும் காலத்துக்குள் அவனை மேட்டிலிருக்கும் கல்லறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பொட்டலம் இருப்பது எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். என்னைப் பார்க்காமலேயே காபியை ஊற்றினாள். ரெம்ஸியாவின் கிண்ணத்தை நிமிர்த்தி அதிலும் ஊற்றினாள். அது ஆறி, மேலே படலம் கட்டியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் ஸனேலா வெளிநாட்டில், கிராட்ஸ் நகரத்திலிருந்து கைப்பேசியில் வந்தாள். அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள், கையில் எப்போதும் பக்கெட் அளவுக் குவளையில் பச்சைத் தேநீர்.

"அம்மா, டீ குடிக்கிறது வியாதி இல்லை. இங்க எல்லாரும் குடிக்கிறாங்க. அப்பா இப்பத்தான் மனுஷரா ஆகியிருக்கார், விடு."

"அங்க எல்லாரும் குடிக்கட்டும். அங்கதான் எல்லாருக்கும் ஏதாவது ஒரு மாத்திரை இருக்கே."

"டீச்சர், நீங்களாவது சொல்லுங்க."

நான் ஸனேலாவின் கட்சி. வயதானால் வயிறு காபியைத் தாங்காது, அதில் என்ன அதிசயம் என்றேன். படித்தவர்கள் அறிவோடு பேசினோம். படிக்காதவள் மூடநம்பிக்கையோடு கணவரின் கழுத்துப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலர் தைத்தவளின் கண் அது. சட்டைக்காலருக்கும் கழுத்துக்கும் நடுவே புதிதாக இடம் விழுந்திருந்தது.

ரெம்ஸியா கடையில் தானே பொட்டலம் வாங்கித் தேநீருக்கு மாறிய செய்தி மூடுபனியைவிட வேகமாகப் பரவியது. நோயாளியைப் பார்க்க வருவது எங்கள் ஊரில் கடமை. வெறுங்கையோடு வருவது அவமானம். எனவே காபியைத் தொடமுடியாத ஒருவரைப் பார்க்க ஆளாளுக்குக் காபிப் பொட்டலமும் சர்க்கரைக் கட்டியும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஜும்ரேதா அந்தக் காபியையே போட்டு அவர்களுக்குக் கொடுத்தாள். அவர்கள் குடித்துவிட்டு, இதே மாதிரி யார் யாருக்கு என்னென்ன ஆனது என்று சொன்னார்கள். ரெம்ஸியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார். "அதான், அதான். ஷெஃபிக்கும் இதேதான் சொன்னான்" என்று ஆறுதல் சொன்னார்கள்.

எதிர்வீட்டு பெஹியா மட்டும் தினமும் வந்தாள். அவளுக்கு நோயைவிடத் தன் மருமகள்மேல்தான் அக்கறை.

"சமையல்கட்டுல ஒரு மெஷினைக் கொண்டுவந்து வெச்சிருக்கா ஜும்ரா. பொத்தானை அமுக்கினா காபி வருது. அவளே அமுக்கி அவளே நின்னுக்கிட்டே குடிக்கிறா. நின்னுக்கிட்டே."

"உனக்குத் தரலையா?"

"தந்தா. நல்லாத்தான் இருந்துச்சு, அதான் வயித்தெரிச்சல்."

இப்படிப் பேசிக்கொண்டே இருக்கும்போதும் ஜும்ரேதாவின் கவனம் ஒரே இடத்தில்தான். நவம்பரில் அவள் ரெம்ஸியாவோடு நேரடியாக மோதினாள். ரத்தம் கொடுத்துப் பரிசோதித்தே ஆகவேண்டும் என்றாள். அவர் வழக்கப்படி பதறாமல் மறுத்தார். அவள் அவருடைய சகோதரியிடம் சொன்னாள், மசூதியில் இமாமிடம் சொன்னாள், பழைய பேருந்து ஓட்டுநர்களிடம் சொன்னாள். கடைசியில் அவர் சரி என்றார். ஆனால் தனியாகத்தான் போவேன், கூட வந்தால் போகமாட்டேன் என்றார். வெறும் வயிற்றோடு வரச்சொல்லியிருந்தார்கள். ஜும்ரேதா அன்றைக்குத் தனக்கும் காபி போட்டுக்கொள்ளாமல் வாசலில் நின்று அவரை அனுப்பினாள்.

மதியம் திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "இன்னைக்கு எடுக்கலை. இன்னொரு நாள் வரச் சொல்லிட்டாங்க" என்றார். எங்களுக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அலுவலகங்கள் இன்னொரு நாள் வரச்சொல்வதற்காகத்தானே இருக்கின்றன.

மறுநாள் பெஹியா வந்தாள். மருமகளைப் பற்றிய அன்றைய பகுதியை முடித்துவிட்டு, போகிறபோக்கில் சொன்னாள்:

"ரெம்ஸியா தேறிட்டாரு போல. நேத்துக் காலையில பஸ் நிலையத்துல சுல்யோவோட கடையில உட்கார்ந்து காபி குடிச்சுக்கிட்டிருந்தாரே. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்து சொன்னாரு. கிண்ணத்தைக் காலி பண்ணிட்டாராம், அடிமண்டி வரைக்கும்."

ஜும்ரேதா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பெஹியாவின் முதல் கிண்ணமே இன்னும் பாதிதான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கடைசியாகத் தரும் காபிக்குத் தனிப்பெயர் உண்டு. அதன் பொருள், நாகரிகமாகச் சொன்னால், 'கிளம்பு'. சாதாரணமாக அதை மத்தியானம் வரைக்கும் தள்ளிப்போடுவாள் ஜும்ரேதா. அன்று கொதித்ததும் கொதிக்காததுமாகக் கொண்டுவந்து வைத்தாள். பெஹியா கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனாள். நானும் எழுந்தேன்.

"நீங்க உட்காருங்க டீச்சர்."

உட்கார்ந்தேன். சுல்யோவின் கடையைத் தாண்டாமல் பேருந்து ஏறமுடியாது, கூப்பிட்ட காபியை மறுத்தால் மரியாதை இல்லை, மறந்துபோய்க் குடித்திருப்பார், ஊரில் யாருக்கும் நடக்கக்கூடிய தவறுதான் என்று அவளைச் சமாதானப்படுத்தப் பார்த்தேன்.

"அவன் இந்த ஒரு மாசமா காபி வாசனை வந்தாலே ஜன்னலைத் திறக்கறான். நான் வறுத்தா தோட்டத்துக்குப் போயிடறான். ஒரு தடவை வாந்தி எடுத்தான், உங்ககிட்ட சொல்லலை. அப்படிப்பட்டவன் நேத்து அடிமண்டி வரைக்கும் குடிச்சிருக்கான்." மேஜைத் துணியின் சுருக்கத்தை விரலால் நீவினாள். "எதுக்கும் பதறாதவன் டீச்சர். அவன் எவ்வளவு பயந்திருந்தா அதைக் குடிச்சிருப்பான்."

அவள் நாற்காலியில் ஏறி, மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்த பொட்டலத்தை எடுத்தாள். அன்று மாலை முதல் முறையாக ரெம்ஸியாவுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு அவரைப் பரிசோதனைக்குப் போ என்று அவள் வற்புறுத்தவும் இல்லை. நாள் குறித்துக்கொண்டு வந்து, கிளம்பு என்று சொன்னாள், அவ்வளவுதான். காரை நான் ஓட்டுவதாக ஏற்பாடு.

அந்தக் காலையில் வேலியைத் தாண்டி உள்ளே போனபோது ரெம்ஸியா மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சொன்னார்:

"ஜும்ரா, ஒரு காபி போடு."

அக்டோபரிலிருந்து அவள் காத்திருந்த சொற்கள். அவள் கை தானாகவே போய்ப் பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் வைத்தது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடுப்புக்கு முன்னாலேயே நின்றாள்.

"குமட்டலையா உனக்கு?"

"இன்னைக்கு இல்லை. ரெண்டு கட்டி சர்க்கரை வை."

"சுல்யோ கடையிலயும் குமட்டலை போல."

அவர் மேல்கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "ஷெஃபிக் நடமாடிக்கிட்டுத்தான் இருந்தான். வேலிக்குக் கம்பு வெட்டிக்கிட்டிருந்தான். அங்க போனான், வியாதிக்கு ஒரு பேரைச் சொன்னாங்க. வந்து படுத்தவன் எழுந்திரிக்கலை. பேர் வைக்கிற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் இல்லை."

"பேர் வைக்கலைன்னா புள்ளை பொறக்காதா?"

"நீ எப்பவும் இப்படித்தான் பேசுவே."

"நீ எப்பவும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பே. வெளியில அத்தனை பேரும் ஹாரன் அடிச்சாலும்."

தண்ணீர் சத்தம் போட ஆரம்பித்தது. அவள் பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். ஆவி அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் மறைத்தது. அடுப்பை அணைத்தாள். கதவருகில் தொங்கிய தொப்பியை எடுத்து வந்து அவர் தலையில் அவளே வைத்தாள்.

தெருவில் மூடுபனி. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பெஹியாவின் தலை மட்டும் தெரிந்தது.

"காலங்காத்தால எங்க எல்லாரும்? இப்பத்தான் இறக்கினேன், மெஷின் காபி இல்லை, நம்ம காபி. ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க."

ரெம்ஸியா நின்றார். எங்கள் தெருவில் அந்த அழைப்பைக் கேட்டு நிற்காமல் போனவரை நான் பார்த்ததில்லை. குறைந்தபட்சம், நேரமாகிவிட்டது, திரும்பி வரும்போது வருகிறோம் என்று ஒரு பொய்யாவது சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

"வேண்டாம்" என்றாள் ஜும்ரேதா. அந்த ஒரு சொல்தான். ஜன்னல் மெதுவாக மூடிக்கொண்டது.

"அவ மனசு கஷ்டப்படும்" என்றார் ரெம்ஸியா, காரில் ஏறிய பிறகு.

"படட்டும்."

வழியெல்லாம் விளக்கைப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். சாலை எனக்கு முன்னால் ஒரு கார் நீளத்துக்குத்தான் இருந்தது. பின்னிருக்கையில் ஜும்ரேதா அவருடைய கோட்டின் கைநுனியைப் பிடித்திருந்தாள். சுல்யோவின் கடை விளக்கு இடதுபுறம் மங்கலாக வந்து போனது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ரத்தம் எடுக்கும் அறையின் வாசலில் இருந்த நர்ஸ் இளம்பெண். ரெம்ஸியாவை அடையாளம் கண்டுகொண்டாள்.

"மாமா, போன தடவை காபி குடிச்சுட்டு வந்தவர்தானே நீங்க? இன்னைக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா? உள்ளதைச் சொல்லுங்க. குடிச்சிருந்தா பரவாயில்லை, இன்னொரு நாள் வரலாம்."

அன்போடுதான் கேட்டாள். அவர் தப்பிக்கும் கதவை இத்தனை அகலமாகத் திறந்துவிடுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. ரெம்ஸியா அவளைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் ஜும்ரேதா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் ஒன்றும் குடிக்கவில்லை என்று அவள் சொல்லியிருக்கலாம், நானும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சொல்லவில்லை.

"ஒண்ணும் குடிக்கலை" என்றார் ரெம்ஸியா.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். கதவு திறந்தே இருந்தது. நர்ஸ் ரப்பர் பட்டையோடு வருவதற்குள் கோட்டைக் கழற்றி மடியில் வைத்து, சட்டைக் கையின் பொத்தானைத் தானே அவிழ்த்தார். சுருட்டவேண்டிய தேவையே இருக்கவில்லை. ஒரு விரலால் தள்ளியதும் சட்டைக் கை எங்கும் தடைபடாமல் தோள்வரை போய்விட்டது.