வெறுங்கால் உத்தரவு

பௌர்ணமிக்கு மறுநாள் அடி அண்ணாமலையில், என் டீக்கடைக்கு எதிரே, கிரிவலப் பாதையில் ஐந்து பெண்கள் பிளீச்சிங் பவுடர் தூவிக்கொண்டிருந்தார்கள். உச்சி நேரம். வருஷத்துக்கு வருஷம் ஏறும் வெயிலில் தார் இளகிக் கிடந்தது. ஐந்து பேரும் இருமிக்கொண்டே, வெறுங்காலோடு நடந்தார்கள்.

அவர்களை வேலை வாங்கிய சூப்பர்வைசர் என் கடை நிழலில் நின்றார். நெற்றி நிறைய விபூதி, காலில் கறுப்பு ஷூ. அதில் வெள்ளைத் தூள் படியும்போதெல்லாம் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

"அவங்களுக்கு பூட்ஸ் குடுக்கலீங்களா?" என்றேன்.

"மூட்டையில இருக்குதுங்க. மலை சுத்துற பாதையில செருப்பு போட்டா பாவம். நான்தான் வேணாம்னுட்டேன்."

"உங்க கால்ல இருக்குதே?"

"நான் டூட்டியில இருக்கேங்க" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

அந்த ஐவரில் ஒரு பெண் வந்து, கொப்புளம் போட்ட பாதத்தில் என் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். "இங்க இன்னா நிக்கிற? வேலை ஜாஸ்தி இருக்குது" என்று சூப்பர்வைசர் விரட்டினார்.

சாயங்காலம், தார் ஆறிய பிறகு, அவரே கிரிவலம் வந்தார், வெறுங்காலோடு. "பாதை எவ்ளோ சுத்தமா இருக்குது பாருங்க!" என்று பூரித்தார்.

நான் அவர் பாதங்களைத்தான் பார்த்தேன். குழந்தையின் பாதங்களைப் போல, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன.