சவுரியம்மாளின் தோள்பட்டை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் சோல் ஒட்டிவந்தவள் சவுரியம்மாள். துப்பாக்கிக் குழலுக்கு அடியில் மாட்டிக் குண்டு ஏவும் புதுக் கருவி ஒன்றை அரசாங்க ஆய்வுக்கூடம் அப்போது சோதித்துக்கொண்டிருந்தது. சுட்டவுடன் துப்பாக்கிக் கட்டை பின்னுக்கு வந்து சிப்பாயின் தோளைப் பெயர்த்தது. அந்த உதையைத் தாங்க ஒரு மெத்தை வேண்டுமென்று ஆய்வுக்கூடம் கம்பெனியைக் கேட்டது. மேனேஜர் பிரேம்நாத் வேலையை அவள் தலையில் கட்டினார்.

எருமைத் தோலையும் சோல் ரப்பரையும் மாற்றி மாற்றி அடுக்கி ஒட்டினாள். மெத்தையைத் தன் வலது தோளில் வைத்துக்கொண்டு, சங்கிலியில் தொங்கும் இரும்புக் குண்டை ஆட்டி இடிக்கச் சொல்வாள். ஆட்டிவிடுபவள் தோழி மஹ்பூபி.

"போதும்டி, கையே போய்டும்."

"நீ ஆட்டு."

நாற்பது நாளில் தோள் கத்தரிக்காய் நிறமாயிற்று. அதற்கடுத்த நாள் இடி தோளுக்கு வரவில்லை, மெத்தைக்குள்ளேயே அடங்கிப்போனது.

மெத்தையோடு ஆய்வுக்கூடத்துக்குப் போன காகிதத்தில், செய்தவர் என்று பிரேம்நாத்தின் பெயர் மட்டுமே இருந்தது. கேட்கப் போனாள்.

"உனக்கு இன்னாம்மா தெரியும்? ஒட்டச் சொன்னேன், ஒட்டின."

மறுநாளே அவளைக் கழிவுத்தோல் கொட்டகைக்குத் தள்ளினார். அந்த நாற்றத்தில் உட்கார்ந்து அவள் ஒன்றையே நினைத்தாள்: அந்த இடி அந்த ஆளின் எலும்புக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து இன்னும் இருபது மெத்தைகள் கேட்டார்கள். டீ நேரத்தில் மஹ்பூபி ஓடிவந்தாள். "ஒவ்வொரு அடுக்கையும் நீ ஒரு நாள் காயவெப்பியே, சார் ஒரு மணி நேரத்துல ஒட்டச் சொல்றாரு. புட்டுக்காது?"

"புட்டுக்கும். நீ வாயத் தொறக்காத."

புது மெத்தைகளைப் பார்வையிட ஆய்வுக்கூட அதிகாரிகள் வந்த அன்று சவுரியம்மாள் யாரையும் கேட்காமல் உள்ளே போனாள். மூத்த அதிகாரியான அம்மாவிடம் கைகூப்பினாள். "மேடம், செஞ்சவங்க தோள்லதான் மொதல்ல வெச்சிப் பாக்கணும். இங்க அப்படித்தான் பாத்தோம்."

"நியாயந்தானே, பிரேம்நாத்?" என்றார் அந்த அம்மா.

செய்தவர் என்று காகிதத்தில் இருந்தது அவர் பெயர்தான். முகம் வெளிற, புது மெத்தை ஒன்றைத் தோளில் அழுத்திக்கொண்டு நின்றார். குண்டு வந்து மோதியது. அடுக்குகள் பிளந்து சிதறின. காறை எலும்பு முறிந்த சத்தம் வாசல்வரை கேட்டது. அவர் தரையில் சுருண்டு அலறியதை, ஆம்புலன்ஸ் வரும்வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள் சவுரியம்மாள்.

"மொதல்ல வந்த மெத்தை கிழியலையே, அத யார் செஞ்சது?" என்று அதிகாரி கேட்டார். மஹ்பூபி சவுரியம்மாளைக் கைகாட்டினாள்.

இருபதையும் அவளே திரும்ப ஒட்டிக் கொடுத்தாள். காகிதத்தில் இப்போது அவள் பெயர் இருக்கிறது. பிரேம்நாத் வேலையை விட்டுப் போய்விட்டார்; வலது கையைத் தலைக்குமேல் தூக்க வரவில்லையாம்.

ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவள் மற்ற பாவங்களையெல்லாம் சாமியாரிடம் சொன்னாள், பிரேம்நாத்தின் தோளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"ஏன்டி?" என்றாள் மஹ்பூபி.

"வருத்தப்பட்டாத்தானே சொல்லணும்?"