உடன்குடிக்கு ஓடிய கம்பெனி ரயில்

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியில் பஸ் ஏறினோம். நானும் என் கணவர் டேனியலும். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அவர் துறைமுகத்துக்குச் சரக்கு ரயில் ஓட்டுகிறார். அவருக்கு வாரவிடுமுறை; எனக்கு ஒரு பழைய ரயிலின் மேல் ஆசை.

இந்தக் கடற்கரைப் பக்கம் வரும் ரயில் பாதை இன்று திருச்செந்தூரோடு முடிந்துவிடுகிறது. ஒரு காலத்தில் அங்கிருந்து குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை ஒரு சின்ன ரயில் ஓடியது. அரசாங்க ரயில் அல்ல. பனையிலிருந்து சர்க்கரை எடுத்த ஒரு கம்பெனி தன் ஆலைக்காகப் போட்ட குறுகிய பாதை அது. ஆட்களையும் டிக்கெட் கொடுத்து ஏற்றினார்கள். சாலையில் மோட்டார் பஸ்கள் வந்தன, ஆலையும் நொடித்தது. சுதந்திரத்துக்கு முன்பே ரயில் நின்று, தண்டவாளங்களையும் பெயர்த்து விற்றுவிட்டார்கள்.

"ஆளெல்லாம் ஏத்தியிருக்க மாட்டான். கருப்பட்டி இழுத்த டிராலியா இருக்கும்" என்றார் டேனியல். உப்பளங்களும் ஆத்தூர் வாழைத் தோட்டங்களும் சாகுபுரத்து ஆலைப் புகைபோக்கிகளும் கடந்து போகிற வரை இதே வாக்குவாதம்தான்.

திருச்செந்தூரில் இட்லி சாப்பிட்டுவிட்டு உடன்குடி பஸ் பிடித்தோம். குலசேகரன்பட்டினம் தாண்டியதும் மண் சிவந்தது; இரண்டு பக்கமும் பனைகள்.

பத்தரை மணிக்கு உடன்குடியில் இறங்கி, டீக்கடையில் பழைய ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"ஸ்டேஷனா? போலீஸ் ஸ்டேஷன் அங்கன இருக்கு" என்றார் கடைக்காரர்.

டேனியல் சிரித்தார். வெயிலில் இரண்டு தெரு சுற்றியும் எதுவும் கிடைக்கவில்லை. மூன்றாவது தெருவில் ஒரு லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்து, இரும்பையெல்லாம் காயலான் கடைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சுவரோரமாக ஒதுங்கி நடந்த டேனியல் சட்டென்று நின்றார். லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு நீள இரும்புகளில் ஒன்றைத் தடவிப் பார்த்தார்.

"இத எங்கன இருந்து எடுத்தீங்க?"

வீட்டுக்காரி லில்லி அக்கா, அறுபது வயதிருக்கும், தலையில் துண்டோடு வந்தார். "மேக்கூரையில கெடந்த உத்திரம் தம்பி. எங்க தாத்தா போட்டது. ஏன்?"

"உத்திரம் இல்லக்கா, தண்டவாளம். நான் ஓட்டுற பாதையில கெடக்கதுல பாதி கனம்கூட வராது. சின்ன ரயிலுக்குள்ளது."

நான் கம்பெனி ரயிலின் கதையைச் சொன்னேன். லில்லி அக்காவின் முகம் மாறியது.

"ஏளா, நெசமாவா சொல்லுத? இங்கன ரயிலு ஓடிச்சா?"

அவருடைய தாத்தா அந்த ரயிலில்தான் பெண் பார்க்கப் போனாராம். ஆடிக் காற்றில் தேரி மேட்டுச் செம்மணல் பாதையை மூடிவிட, மாப்பிள்ளையும் இறங்கி மண்வெட்டி பிடித்து, செம்மண் அப்பிய வேட்டியோடு பெண் வீட்டில் போய் நின்றாராம். "உடன்குடியில ஏது ரயிலு, தாத்தா ரீல் விடுதாருன்னு நாங்க அத்தன பேரும் சிரிப்போம். சாகுற வரைக்கும் சொன்னாரு. சாகுற வரைக்கும் சிரிச்சோம்."

அதற்குள் லாரி கிளம்பிவிட்டது. அக்கா ஓடிப்போய் அதன் முன்னால் நின்றார்.

"இறக்குலே!"

"பேசி முடிச்ச சரக்குக்கா" என்றார் டிரைவர்.

"எங்க தாத்தாவ வித்துப்போட்டேன்லே. இறக்கு!"

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் விளக்கியதும் அவரே சிரித்துக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார். டேனியலும் ஒரு பக்கம் தோள் கொடுத்தார். நான்கு தண்டவாளங்களும் முற்றத்தில் இறங்கின. புது வீட்டின் முன்வாசலுக்கு அவற்றையே தூணாக நிறுத்தப் போவதாக அக்கா கொத்தனாரிடம் அப்போதே சொல்லிவிட்டார். பிறகு சென்னையில் இருக்கும் தம்பியைப் போனில் கூப்பிட்டார்.

"ஏலே, தாத்தா பொய் சொல்லலலே!"

பேசி முடித்துவிட்டு எங்களைப் பார்த்தார். "போட்டோ அனுப்பச் சொல்லுதான். இன்னும் நம்ப மாட்டேங்கான், பய!"

மத்தியானம் அவர் வீட்டு ஆட்களோடு மீன் குழம்பும் சோறும். கிளம்பும்போது ஆளுக்கொரு கருப்பட்டிப் பொட்டலம்.

நாலரை மணி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் துறைமுகம் வரை தண்டவாளம் கிடக்கிறது. யாரும் குனிந்து பார்ப்பதில்லை. இங்கே ஒரு குடும்பம் அதைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருக்கிறது.

"அந்தத் தாத்தா ஒருவாட்டி மேல கையக் காட்டியிருந்தாப் போதுமே" என்றார் டேனியல்.

"காட்டியிருப்பாரு. அதுக்கும் சிரிச்சிருப்பாங்க" என்றேன்.